பத்திரம் பீரோவில்

பெங்களூர்த் தமிழர் வரலாறு எழுதும் நம்மவர்கள் கண்டோன்மெண்ட், தங்கவயல், மில் தொழிலாளர் என்று விரிவாக எழுதுகிறார்கள். அந்தத் தொழிலாளி வீடு கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை அதிகம் தொடுவதில்லை. எங்கள் லிங்கராஜபுரத்து வீட்டை வைத்தே அதைக் கொஞ்சம் பார்க்கிறேன்.

"நம்ம வீட்டு மேல ஒரு பைசா கடன் கிடையாது. பத்திரம் நம்ம பீரோவுலதான் இருக்கு." ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தந்தையார் விருந்தாளிகளிடம் தவறாமல் சொல்வது இது.

அந்தப் பெருமைக்குப் பின்னால் ஊரின் வரலாறு இருக்கிறது. 1881 முதல் 1947 வரை கண்டோன்மெண்ட் பகுதி பிரிட்டிஷார் கையில் தனி ஸ்டேஷனாக இருந்தது. 1898 பிளேக்கிற்குப் பிறகு அங்கே பிரேசர் டவுன் போன்ற புதிய பேட்டைகள் திட்டமிட்டு எழுந்தன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குக் டவுன், இந்தப் பக்கம் லிங்கராஜபுரம். நாங்கள் வந்தபோது இது பாதி கிராமம்தான். விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அதற்குப் பெயர் ரெவென்யூ சைட். லேஅவுட் அனுமதி கிடையாது, அதனால் விலை குறைவு. தொழிற்சாலைச் சம்பளத்திற்கு அதுதான் எட்டியது.

இத்தனைக்கும் வீட்டுக்கடன் பெங்களூருக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கம் 1909இல் இங்கேதான் பதிவானது. ஆனால் மாதச் சம்பளக்காரர் நீண்ட தவணையில் கடன் வாங்குவது, 1977இல் எச்.டி.எப்.சி. தொடங்கிய பிறகே மெல்லப் பரவியது. அப்போதும் எங்கள் தெருவுக்கு அது வரவில்லை. 1996இல் மாடி கட்ட நான் ஒரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ரெவென்யூ சைட் சார், முடியாது" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அப்பாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார்! பத்திரம் பீரோவிலேயே தங்கியதற்கு அவர் கொள்கை ஒரு காரணம் என்றால், வாங்கிக்கொள்ள ஆளில்லாததும் ஒரு காரணம்.

அப்படியானால் வீடு எப்படி எழுந்தது? அறை அறையாகத்தான். 1968இல் ஷீட் போட்ட ஒற்றை அறை. பிறகு ஏலச்சீட்டு எடுத்து ஒரு சமையலறை. 1974இல் முன்பகுதியை லீசுக்கு விட்டோம். பெங்களூர் லீஸ் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகை தருவார், வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகையைத் திருப்பித் தரவேண்டும். கன்னடத்தில் "போக்ய" என்று போர்டு மாட்டுவார்கள். நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்பது இதுதான். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவில், அடமானத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்குவது அதில் ஒன்று. வங்கிகள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். கடன் தந்தவர் சொத்தைத் தன் வசம் வைத்து, வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பது இன்னொன்று. எங்கள் முன்பகுதியில் குடியிருந்த குடும்பத்தை அப்பா ஒருநாளும் கடன்காரர் என்று சொன்னதில்லை. "குடியிருக்கிறவங்க" என்பார். ஆனால் அவர்கள் காலி செய்தபோது பணத்தைத் திருப்ப அவர் தூங்காமல் அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பணமும் வேறொரு இடத்திலிருந்துதான் வந்தது. 1981இல் கான்கிரீட் ரூஃப் போட்டதும் அப்படித்தான். அம்மாவின் நகைகள் சேட்டுக் கடைக்குப் போயின. அக்கா கல்யாணத்திற்கென்று எடுத்து வைத்த நாலு வளையலும் கூடவே போயிற்று. சங்கிலி திரும்பி வந்தது. வளையல் முழுகிப்போனது. அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அக்கா ஒரே ஒரு தரம், "அந்த ரூஃப் என் வளையல்டா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்பா உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆனாலும் அம்மாவும் காலமான பிறகு பாகம் பேச உட்கார்ந்தபோது தம்பி, "அக்காவுக்குத்தான் கல்யாணத்துல செஞ்சாச்சே, அப்பா கடனில்லாம கட்டின வீட்டை ஏன் உடைக்கணும்?" என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். அப்பாவின் கையெழுத்தில் சீட்டு, லீஸ், சேட்டுக் கடை வட்டி எல்லாம் தேதிவாரியாக இருந்தது. வளையலும் இருந்தது, எடையோடு.

சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தோம். கன்னடத்தில் அதை "ருணபார" சான்று என்கிறார்கள், கடன்சுமை என்று பொருள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் ஏறும். அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பதிவாகாத லீசும் சேட்டுக் கடை ரசீதும் அதில் எப்படி வரும்?

தம்பி நோட்டை இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான். கதா இன்னும் பி ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது. அதை மூன்று பேர் பெயருக்கும் மாற்ற மனு எழுதியாகிவிட்டது. முதல் பெயர் அக்காவுடையது.