ஒரு மானும் இரு கவிஞரும்

பதினான்கு அடிகளால் அமைந்த சானெட் என்னும் பாவகை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலி அரசவையில் தோன்றியது. அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304–1374). 1327ஆம் ஆண்டு அவிஞ்ஞோன் நகரத் தேவாலயத்தில் லாரா என்னும் நங்கையைக் கண்டதாக அவரே குறித்துள்ளார். அவளை எண்ணி அவர் பாடிய பாடல்கள், மறுமலர்ச்சிக் காலக் காதற் கவிதைக்கு வழிகாட்டியாயின.

இத்தகைய பாடலின் மையக்கருத்து யாது என வினவினால், "காதல்" என மாணவர் விடையிறுப்பர். காதல் பாடலின் பொருளேயன்றி மையக்கருத்தன்று. அக்காதலைக் குறித்துக் கவிஞன் கூறும் தீர்ப்பே மையக்கருத்தாகும்.

பெட்ரார்க்கின் பாடலொன்றில், காலைக் கதிரொளியில், ஈராறுகளுக்கிடையே, பொற்கொம்புடைய வெண்மான் தோன்றுகிறது. கண்டவன் தன் தொழிலனைத்தும் துறந்து அதனைப் பின்தொடர்கிறான். எட்டடிகள் இவ்வாறு செல்ல, ஒன்பதாம் அடியில் திருப்பம் நேர்கிறது. மானின் கழுத்தணியில் எழுத்துகள் தெரிகின்றன: எவரும் அதனைத் தீண்டலாகாது, சீசர் அதற்கு விடுதலை அளித்துள்ளார். நண்பகலில் அவன் நீரில் விழ, மான் மறைகிறது. மனிதன் கைக்கு எட்டாத தூய அழகு என்பதே இங்கு மையக்கருத்து.

1527இல் இத்தாலிக்குத் தூது சென்ற ஆங்கிலக் கவிஞர் சர் தாமஸ் வயட் (1503–1542), இம்மானைத் தம் மொழியிற் பாடினார். அங்கே வெண்ணிறமும் இல்லை, பொற்கொம்பும் இல்லை. வேட்டையில் களைத்துப் பின்தங்கிய ஒருவனே பேசுகிறான். ஒன்பதாம் அடியில் அவன் பிற வேட்டைக்காரரை நோக்கித் திரும்பி, அவர்தம் முயற்சியும் வீணே என எச்சரிக்கிறான். கழுத்தணியின் வாசகம் இறுதி ஈரடிகளில்தான் வெளிப்படுகிறது. தீண்டலாகாது என்னும் தடை மாறவில்லை, காரணம் மாறிவிட்டது. பெட்ரார்க்கின் மான் சீசரால் விடுதலை பெற்றது. வயட்டின் மானோ சீசருக்கு உடைமையானது. அதிகாரத்தின் முன் காதல் தோற்கும் என்பதே இவர் கண்ட கருத்து.

வயட், எட்டாம் ஹென்றி மன்னரின் அவையைச் சார்ந்தவர். 1536 மே மாதம் அவர் இலண்டன் கோபுரத்தில் சிறைப்பட்டார். அரசி ஆன் போலின் அதே மாதம் அங்கே தலை துண்டிக்கப்பட்டார். அம்மான் ஆன் போலினையே சுட்டும் என்பர் பலர். அதற்கு நேரடிச் சான்று இல்லை. எனினும், அரசனுக்குரியதை விரும்புதல் எத்துணைக் கொடிய இடர் என்பதை அக்கால வரலாறு உணர்த்துகிறது.

வரலாறு பாடலுக்கு விளக்கேற்றலாம்; விடையைப் பாடலே தரவேண்டும். திருப்பம் எங்கே நிகழ்கிறது, அதன்பின் எது மாறுகிறது என நோக்குவார்க்கு மையக்கருத்து தானே புலப்படும்.