களி போனது, மூலம் வந்தது

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு காலத்தில் கேழ்வரகுக் களியும் கீரையும் கொள்ளும் அவரையும்தான் சாப்பாடு. 1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. ஷிப்ட் வேலையும் கேன்டீன் சோறும் கூடவே வந்தன. ரேஷன் அரிசி பசியைத் தீர்த்தது, உண்மை. ஆனால் தீட்டிய அரிசியில் தவிடு போய்விடுகிறது. நார் குறைந்தால் மலம் இறுகும், முக்கி முக்கி மூலம் வரும். உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவரும் அதே 1970களில் இதைத்தான் உலகுக்குச் சொன்னார்.

2004 வரை நம் தாய் மாவட்டமாக இருந்த தருமபுரியில், 2023இல் ரேஷன் கடைக்கே கேழ்வரகு வந்தது. நாமும் களிக்குத் திரும்பலாம். கீரை, கொய்யா சேருங்கள். டாக்டர் தடுக்காவிட்டால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். எரிச்சலுக்கு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காருங்கள். ரத்தம் கண்டால் மட்டும் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.