ஞாயிற்றுக்கிழமைகளில் உடைந்த எண்

சதுரங்கப் பலகையில் அரிசி கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு... 64 கட்டமும் நிரம்புவதற்குள் ராஜாவின் களஞ்சியமே காலி! அப்படி எட்டுப் பலகைகளை நிரப்பி, மேலே ஏழே ஏழு அரிசியைப் போட்டால் கிடைக்கும் எண் இது:

147573952589676412927

21 இலக்கங்கள். 2-ஐ 67 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. இந்த எண்ணுக்கு ஒரு சுவாரசியமான சரித்திரம் உண்டு.

மாரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே இப்படிக் கிடைக்கும் எண் பகா எண் என்றார். அதாவது வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. நிரூபணம் எதுவும் தரவில்லை. இவ்வளவு பெரிய எண்ணை யார் சரிபார்ப்பது? பட்டியல் அப்படியே நின்றது.

1772-ல் ஆய்லர் 31 சரிதான் என்று காட்டினார். 67-க்குச் சிக்கல் வந்தது 1876-ல். எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், அது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும்? அது அவருக்கும் தெரியாது! ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்று தெரிகிறது, எந்த என்ட்ரி தப்பு என்று தெரியவில்லை... அந்த மாதிரிதான்.

விடை வந்தது 1903 அக்டோபரில். நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கொடுத்தது இது:

193707721 × 761838257287

அவர் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அவை கைதட்டியது என்று எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் எழுதினார். எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். பெல் கதையை அழகாக்கிச் சொல்பவர். அதனால் கைதட்டலைச் சந்தேகிக்கலாம். பெருக்கலைச் சந்தேகிக்க வேண்டாம், நீங்களே போட்டுப் பாருங்கள்!

கண்மூடித்தனமாகத் தேடத் தேவையில்லை என்பதும் உண்மை. இந்த எண்ணை வகுக்கும் எந்த எண்ணையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தாலும், 193707721 வருவதற்குள் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் வரிசையில் நிற்கும். கோல் வேறு நிபந்தனைகளையும் சேர்த்துத்தான் வடிகட்டினார்.

கடைசியில் மெர்சென் பட்டியலில் 67, 257 இரண்டும் தப்பு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 1947-க்குள் இது முழுவதும் தெளிவானது.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம். இந்த ஒரே குணத்தை நம்பி 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டு முறையை அமைத்தார்கள். இணையத்தில் பணப் பரிமாற்றம் வளர அது பெரும் துணையாக இருந்தது. அதில் பயன்படும் எண்களுக்கு நூற்றுக்கணக்கான இலக்கங்கள். கோலின் எண்ணை இன்றைய கணினி ஒரு நொடிக்குள் உடைத்துவிடும். அவற்றை உடைக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருந்தாலும் போதாது!