மலை ஏறிய வண்டிகள்

ஆங்கிலேயர் 'பட்லகுண்டு' என்று எழுதிவைத்த ஊர் நம் வத்தலக்குண்டே. வெற்றிலைக்குண்டு என்பதுதான் இவ்வாறு மருவிற்று என்று கூறுவர். சுப்பிரமணிய சிவாவும் ராஜம் ஐயரும் பிறந்த ஊர் என்பதனால் மாணவர் பலர் இதன் பெயரைக் கேட்டிருப்பர். இங்கு நான் கூறப் புகுவது அப்பெரியோர்களைப் பற்றியன்று. அவ்வூருக்கு மேற்கே நிற்கும் பழனி மலைத் தொடரின் மேல் மனிதன் எவ்வாறு ஏறினான், அதைவிட முக்கியமாக, எவ்வாறு இறங்கினான் என்பதைப் பற்றியே.

1845-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். 1875-இல் மதுரைக்கு இருப்புப் பாதை வந்த பின்னர், அங்குச் செல்வோர் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினர். இன்று 'கொடைரோடு' எனப்படுவது அதுவே. அங்கிருந்து மாட்டு வண்டியில் வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் பயணம். அதற்கு மேல் வண்டிக்கு வழியில்லை. குதிரையில் ஏறலாம், நடக்கலாம், பணமுள்ளவர் நாற்காலியில் அமர, நம்மவர் தோளில் சுமந்து செல்வர். அந்நாளில் மலை ஏறிய முதல் வாகனம் மனிதனின் தோளே எனலாம். அத்தோளுக்கு உரியவர்களின் பெயரை எந்தச் சாலையும் தாங்கி நிற்கவில்லை.

வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மேலேறும் பாதைக்கு வழி குறித்தவர் லா என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1870-களில் தொடங்கிய அம்முயற்சி தடைப்பட்டுத் தடைப்பட்டு, 1914-இல்தான் நிறைவெய்திற்று. 'லா காட்' என அவர் பெயராலேயே அது வழங்கிற்று. சாலை பிறந்ததும் மோட்டார் வண்டி கோடைக்கானலை எட்டியது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். மலை என்றதும் நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் வண்டி வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். கொடைச் சாலையில் பேருந்துகள் பின்சக்கரங்களின் விசை ஒன்றாலேயே ஏறி வந்திருக்கின்றன. நன்றாகப் போட்ட தார்ச் சாலைக்கு அதுவே போதும். இடர் வந்தது அச்சாலையை விட்டு விலகிய இடங்களில்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்ப்பழனி மலைப் பகுதிகளில் காப்பியும் மலைவாழையும் விளைந்தன. தோட்டத்துப் பாதைகளோ வெறும் மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்மண் கூழாகிவிடும். பொதிக்குதிரைக்கும் தலைச்சுமைக்குமே அங்கு வழி இருந்தது.

ஏன் சாதாரண மோட்டார் அச்சேற்றில் நிற்கிறது? வளைவில் திரும்பும்பொழுது வெளிப்புறச் சக்கரம் அதிகத் தொலைவும் உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவும் ஓட வேண்டும். அதற்கு இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியை 'டிபரன்ஷியல்' என்கிறோம். வளைவில் நன்மை செய்யும் அதுவே சேற்றில் பகையாகிறது. ஒரு சக்கரம் பிடியிழந்து வழுக்கினால் அது மட்டும் வீணே சுழலும். உறுதியான தரையில் உள்ள மற்றது அசையாது நிற்கும். முன்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளித்தால் வண்டி மீளும் என்பதை அறிஞர் முன்பே உணர்ந்திருந்தனர். ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் நிறுவனத்தார் 1903-இலேயே அத்தகைய மோட்டாரைச் செய்து காட்டினர். ஆயினும் அதனைப் பரப்பியது போர்தான்.

1940-இல் அமெரிக்கப் படைத்துறை, எவ்விடத்தும் செல்லும் சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று 135 நிறுவனங்களைக் கேட்டது. மாதிரி வண்டிக்கு அளித்த தவணை 49 நாள். பாண்டம் என்னும் சிறு நிறுவனம் அத்தவணைக்குள் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1940-களின் இறுதியில் மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கினர். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் பிறந்தபின், வட்டார வளர்ச்சி அதிகாரி என்றால் ஜீப் என்று ஆயிற்று. சிற்றூர்ச் சிறுவர் சர்க்காரைக் கண்டது அவ்வண்டியின் வடிவில்தான்!

போர்க்கால ஜீப்பில் ஓட்டுநரின் அருகே மூன்று கம்பிகள் நின்றன. ஒன்று வழக்கமான கியர்க் கம்பி. மற்றொன்று முன் அச்சையும் விசையோடு பூட்டுவது. மூன்றாவது, வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து இழுவையை இரு மடங்காக்குவது. ஏற்றத்தில் முன்னே இன்னொரு சோடி மாட்டைப் பூட்டும் வண்டிக்காரர் இதன் கருத்தை உடனே கண்டுகொள்வார். முன் அச்சைப் பூட்டாமல் மூன்றாவது கம்பியை இழுக்க முடியாதபடி உள்ளே ஒரு தடை வைத்திருந்தனர். இரு மடங்கு இழுவை முழுவதையும் பின் அச்சு ஒன்றே தாங்கினால் அது முறியக்கூடும் அன்றோ?

பூட்டத் தெரிந்தால் போதாது. விடவும் தெரிய வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. ஜீப்பிலோ முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்பட்டுள்ளன. சேற்றிலே சக்கரம் சிறிது வழுக்கி அவ்வேற்றுமையைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை, வண்டி முறுக்கிக்கொண்டு முனகும், டயர் தேயும். மேலும், முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் ஒருங்கே பிடியிழந்தால், இத்தனை பெருமை வாய்ந்த ஜீப்பும் எருமை போலப் படுத்துவிடும்.

கியர் மாற்றும் பொறுப்பையே இயந்திரத்திடம் விட்டுவிடும் முயற்சி இதனோடு ஒரே காலத்தில் வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1939-இல் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளுக்கென அதனை வெளியிட்டனர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். காற்றின் வேகத்தால் மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று கொண்டால், கிளட்ச் மிதி இன்றியே விசை செல்லும் வகை விளங்கும். அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு மாதிரியான ஜீப் வேகனியர் வண்டியில் தானியங்கிக் கியரும் நாற்சக்கர விசையும் ஒன்றுசேர்ந்தன. நம் நாட்டில், 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தார் வண்டியிலும் அச்சேர்க்கை கிடைத்தது. அதிலே கியரைத் தானியங்கியாக்கியவர்கள், நாற்சக்கர விசைக்குரிய கம்பியை ஓட்டுநர் கையிலேயே விட்டுவைத்தனர். தாழ்ந்த வீதத்திற்கு மாற்ற வேண்டுமாயின் வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, பின்னரே அக்கம்பியை இழுக்க வேண்டும்.

இனி இறக்கத்திற்கு வருவோம். கோடைக்கானல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வத்தலக்குண்டுச் சமவெளிக்கு இறங்க 1,800 மீட்டர் அளவு உயரத்தை இழக்க வேண்டும். ஆட்களும் சுமையுமாக 1,500 கிலோ எடையுள்ள வண்டி அவ்வாறு இறங்கும்பொழுது வெளிப்படும் ஆற்றல், அறை வெப்பத்தில் உள்ள 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பௌதிக மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். காற்றும் சாலையும் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியது முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தால், அது பழுக்கக் காய்ந்து பிடியை இழக்கும். அப்பொழுது எத்துணை மிதித்தும் பயனில்லை. பள்ளத்தாக்கு ஒரு பக்கம், பேருந்து நிறைய மக்கள் எதிர்ப்பக்கம்.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. தாழ்ந்த கியரில் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. தானியங்கி வண்டியில் இவ்விதிக்குச் சோதனை வருகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், 'ஓட்டுநருக்கு விசை வேண்டாம் போலும்' என்றெண்ணி அது மேல் கியருக்குத் தாவக்கூடும். முன்னே கிடப்பது சமவெளியா, பெருமாள்மலைத் திருப்பமா என்பதை அது காணாது. ஆகவே அத்தகைய வண்டிகளிலும் தாழ்ந்த கியரில் தங்கவைக்க ஒரு வழி அமைத்திருக்கிறார்கள். அதனைக் கைக்கொள்ளாது பிரேக்கையே நம்பி வருவோர் பலர்.

மலைச் சாலை முடியும் காட்ரோட்டுக்கு வந்து நிற்கும் வண்டிகளைக் கவனித்தால் இவ்வேற்றுமை புலப்படும். ஒன்றின் சக்கரத்தருகே கருகிய நாற்றமும் அனலும் வீசும். அதனினும் பழைய வண்டி ஒன்று அதே மலையிலிருந்து இறங்கி, ஆறிய சக்கரங்களோடு அடுத்து நிற்கும்.