முழங்கால் அளவு நீர்

ஐம்பதைக் கடந்தவர் நால்வர் கூடினால் பேச்சு இரத்த அழுத்தத்தில் வந்து நிற்பது இன்று வழக்கமாகிவிட்டது. நாள்தோறும் நடக்கும்படி மருத்துவர் சொல்கிறார். முழங்கால் வலியோ நடக்க விடுவதில்லை. இத்தகையோருக்கு ஏற்ற வழியான நீருக்குள் நடக்கும் பயிற்சியின் வரலாற்றைச் சிறிது எடுத்துரைக்க விழைகிறோம். அதில் பங்குத்தந்தை ஒருவருக்கும் இடமுண்டு.

பவேரிய நாட்டு நெசவாளர் ஒருவரின் மகன் செபஸ்தியான் க்னைப் (1821-1897). குருமாணவராய் இருந்தபோது காசநோய் அவரைப் பற்றியது. பழைய நூலொன்றில் படித்ததை நம்பி, 1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றில் இறங்கி மூழ்கினார். பிழைத்தார், 1852-இல் குருப்பட்டமும் பெற்றார். பின்னர் வோரிஸ்ஹோபன் என்னும் சிற்றூரில் பணியாற்றிய அவரை நாடி நோயாளர் திரண்டனர். முழங்கால் அளவு நீரில், கொக்கைப்போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடக்கச் செய்தார். ஆனால் இரத்த அழுத்தத்தை அவர் அறியார். கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா-ரொச்சி வெளியிட்டதே 1896-இல்தான். மறு ஆண்டு க்னைப் மறைந்தார்.

நம் நாட்டில் காந்தியடிகள், ஜெர்மானியரான லூயி கூனேயின் நூலைப் படித்துத் தொட்டிக் குளியலைக் கைக்கொண்டார். அவருக்கும் உயர் இரத்த அழுத்தம் இருந்தது. 1940 பிப்ரவரியில் அது 220/110 எனப் பதிவாகியுள்ளது. அவரோ நெடுந்தூரம் நடப்பவர், உணவைக் குறைத்தவர். நீரால் விளைந்தது எவ்வளவு என்று பிரித்துக் கூற இயலாது.

பிரித்து அறியும் ஆய்வுகள் பிற்காலத்தில் வந்தன. மார்பளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் கால்களில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் மார்புப் பகுதிக்கு வந்து சேர்கிறது. இதயம் விரிகிறது, உப்பையும் நீரையும் வெளியேற்றுமாறு சிறுநீரகங்களுக்குக் குறிப்புச் செல்கிறது, இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. ஐம்பதைக் கடந்தோர் பன்னிரண்டு வாரம் நீந்தியதில், மேல் அளவின் சராசரி 131-லிருந்து 122-க்கு இறங்கியதென அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-இல் தெரிவித்தது. பல மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தமுடைய 32 பேரைக் கொண்டு பிரேசிலில் நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை வெந்நீர்க் குளத்தில் பயிற்சி செய்தனர். அவர்களுக்கு அழுத்தம் தெளிவாகவே குறைந்தது. அக்குளத்து நீரின் வெப்பம் 32 பாகை. இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்: திடீரெனக் குளிர்நீரில் இறங்கினால் அழுத்தம் முதலில் ஏறும். டான்யூபில் க்னைப் செய்ததை இதய நோயாளர் எவரும் செய்யத் துணியலாகாது. மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் ஆகாது.

நம் பகுதியின் ஏரிநீர் ஆண்டின் பெரும்பகுதி இயல்பாகவே வெதுவெதுப்பானது. கீழ்க்கட்டளை ஏரியோ முன்னர் வயல்களுக்குப் பாய்ந்தது. நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்கும் உபரிநீர் செல்லும். ஆக்கிரமிப்பும் கழிவுநீரும் சேர்ந்து அதில் கால் நனைக்கவும் தயங்கும் நிலையை உண்டாக்கிவிட்டன. 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் இவ்வூரும் அடங்கியது. வட்டாரக் கூட்டங்களில் சாலையும் வடிகாலும் கேட்கும் நம் மக்கள், மார்பளவு ஆழமும் முதியோர் பிடித்து இறங்கக் கம்பியிட்ட படிகளும் உடைய குளம் ஒன்றையும் கேட்கலாம்.