எந்தத் தட்டில் வைப்பது? ஃபிஷ்போன் இசைக்குழுவின் கதை

ஸ்கா பங்க் என்றதும் உங்களில் பலருக்கு நோ டவுட் குழுவும் க்வென் ஸ்டெஃபானியும் நினைவுக்கு வரலாம். அல்லது அண்ணா, அக்காமாரின் பழைய சிடிகளுக்குள் கிடந்த லெஸ் தன் ஜேக், ரீல் பிக் ஃபிஷ். ட்ரம்பெட், துள்ளல், கறுப்பு வெள்ளைக் கட்டம், மேடையில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்கள். அந்த மூன்று குழுக்களுக்கும் முன்பே இந்தக் கலவையைப் போட்டுப் பார்த்தவர்கள் லொஸ் ஏஞ்சலிஸின் ஆறு கறுப்பின மாணவர்கள். அவர்கள் குழுவின் பெயர் ஃபிஷ்போன். 1979இல் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை.

முதலில் ஸ்கா என்றால் என்ன? 1950களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்த இசை. அமெரிக்க வானொலிகளில் இருந்து கடல் தாண்டி வந்த ரிதம் அண்ட் புளூஸைக் கேட்டு, அதைத் தங்கள் தாளத்துக்கு வளைத்துக்கொண்டார்கள் கிங்ஸ்டன் நகரத்துக் கலைஞர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். கிட்டார் அந்த எண்களில் விழாது, இரண்டு எண்களுக்கு நடுவில் விழும். மிருதங்க வகுப்புக்குப் போனவர்கள் 'அரையிடம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஏறக்குறைய அந்த இடம். 1962இல் ஜமைக்கா சுதந்திரம் அடைந்தபோது நாட்டின் கொண்டாட்ட இசை இதுதான். அங்கிருந்து பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அதையும் கொண்டு போனார்கள். 1979இல் கொவென்ட்ரி நகரில் ஜெரி டாமர்ஸ் தொடங்கிய 'டூ டோன்' இசைத்தட்டு நிறுவனம் ஸ்காவோடு பங்க் இசையின் வேகத்தையும் கோபத்தையும் சேர்த்தது. அவருடைய 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக நின்று வாசித்தார்கள்.

அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் நடந்தது வேறு கதை. லொஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் பிரிந்தே படிக்கிறார்கள் என்று 1963இல் ஒரு வழக்கு தொடரப்பட்டது. அது இழுபட்டு இழுபட்டு 1978இல்தான் பஸ் ஓடத் தொடங்கியது. தென் மத்திய லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த கறுப்பினப் பிள்ளைகள் விடியுமுன் எழும்பி, பஸ் ஏறி, சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருந்த வெள்ளையர் பகுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். வெள்ளையினப் பெற்றோர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். 1979 நவம்பரில் மாநில அளவில் வாக்கெடுப்பு நடத்திக் கட்டாய பஸ் திட்டத்தின் கையைக் கட்டினார்கள். 1981இல் அது நின்றே போனது. மொத்தமாக மூன்று ஆண்டுகள்கூட ஓடவில்லை.

அந்த பஸ்களில் போனவர்களில் நார்வுட் ஃபிஷரும் அவருடைய தம்பி ஃபிலிப்பும் இருந்தார்கள். கெண்டல் ஜோன்ஸ், கிறிஸ் டவுட், வால்டர் கிப்பி ஆகியோரும் அதே கூட்டம். போய் இறங்கிய இடம் வுட்லண்ட் ஹில்ஸில் இருந்த ஹேல் பள்ளி. அங்கே அவர்களுக்கு ஏஞ்சலோ மூர் கிடைத்தார். அவரும் கறுப்பினத்தவர்தான், ஆனால் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தவர். பஸ்ஸில் வந்தவர்களுக்கு அவர் பேச்சும் நடையும் விசித்திரமாகத் தெரிந்தன. 'ஊரில் இருந்து வந்த' ஒன்றுவிட்ட சகோதரர்களோடு முதல் தடவை பேசிப் பார்த்த உங்களுக்கு அந்த நிலைமையை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த ஆறு பேரின் காதில் விழுந்தவை எல்லாம் ஒன்றாகக் கலந்தன. வீட்டில் ஃபங்க்கும் சோலும், பள்ளியில் ஹார்ட் ரொக்கும் பங்க்கும், இங்கிலாந்தில் இருந்து வந்த டூ டோன் ஸ்காவும். எதை விடுவது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே பாட்டுக்குள் போட்டார்கள். ஏஞ்சலோ சாக்ஸஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கூட்டத்துக்குள் பாய்வார். நார்வுட்டின் பேஸ் கிட்டார்தான் முழுக் குழுவையும் ஒரு கயிற்றில் கட்டி வைத்திருந்தது.

கொலம்பியா நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்து 1985இல் முதல் சிறு இசைத்தட்டை வெளியிட்டது. பள்ளியை விட்டு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதில் உள்ள 'பார்ட்டி அட் கிரவுண்ட் ஸீரோ' அணுகுண்டு விழப்போகிற நேரத்தில் நடக்கும் கொண்டாட்டத்தைப் பற்றியது. ரேகன் காலத்துப் பனிப்போர்ப் பயத்தை இவ்வளவு குதூகலமாக யாரும் பாடியதாக எனக்குத் தெரியவில்லை. 1988இல் வந்த 'ட்ரூத் அண்ட் சோல்', கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'ஃப்ரெடீஸ் டெட்' பாட்டை ஹார்ட் ரொக்காக மாற்றித் தொடங்கும். மேடையில் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனாலும் இசைத்தட்டுகள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை.

ஏன்? என் தொழிலில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலைச் சொல்கிறேன். ஒரு தரவுத்தளத்தில் 'வகை' என்று ஒரு பெட்டி இருக்கும். ஒரு பதில்தான் போடலாம். இரண்டு வகைக்கும் பொருந்தும் சாமான் வந்தால், பிழை சாமானில் இல்லை, பெட்டியில்தான். ஆனால் அவதிப்படுவது சாமான்! எண்பதுகளின் அமெரிக்க இசைத்துறை அப்படித்தான் இயங்கியது. கறுப்பின வானொலிக்கு ஃபிஷ்போன் 'ரொக்' குழு. ரொக் வானொலிக்கோ அது 'கறுப்பினக்' குழு. கடையில் எந்தத் தட்டில் வைப்பது என்றே குழப்பம். இது அவர்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1985இல் நியூயோர்க்கில் வெர்னன் ரீடும் நண்பர்களும் 'பிளக் ரொக் கோலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கக் காரணமே இந்தச் சுவர்தான். ரொக் இசையைக் கண்டுபிடித்த மக்களின் பிள்ளைகளிடம், நீங்கள் ஏன் ரொக் வாசிக்கிறீர்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

1991இல் சுவர் கொஞ்சம் அசைந்தது. 'தி ரியாலிட்டி ஆஃப் மை சரவுண்டிங்ஸ்' பில்போர்ட் பட்டியலின் முதல் 50க்குள் நுழைந்தது. 'சன்லெஸ் சாட்டர்டே' பாட்டின் காணொளியை ஸ்பைக் லீ இயக்கினார். 'சாட்டர்டே நைட் லைவ்' மேடையும் கிடைத்தது. என் கணக்கில் அவர்களின் மிகச் சிறந்த தொகுப்பு இதுதான்.

உச்சம் நீடிக்கவில்லை. 1993இல் கிட்டார் கலைஞர் கெண்டல் ஜோன்ஸ் குழுவை விட்டு, வட கலிஃபோர்னியாவில் ஒரு மதக் குழுவோடு வாழப் போனார். அவருக்கு உதவி தேவை என்று நம்பிய நார்வுட், அவருடைய குடும்பத்தவரோடு சேர்ந்து அவரைத் திரும்ப அழைத்து வரப் போய், ஆட்கடத்த முயன்றதாக வழக்கில் மாட்டினார். நீதிமன்றம் நார்வுட்டை விடுவித்தது. ஆனால் பள்ளிக்கால நட்பு அங்கே உடைந்துவிட்டது. அதே ஆண்டுதான் லொலாபலூசா விழாவோடு நாடு முழுக்கப் பயணம் செய்தார்கள். அடுத்து கிறிஸ் டவுட் போனார். பெரிய நிறுவனமும் கைவிட்டது.

பிறகு நடந்ததுதான் கசப்பு. 1995இல் நோ டவுட்டின் 'ட்ராஜிக் கிங்டம்' வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகள் தாண்டின. 1997இல் பொஸ்டனின் மைட்டி மைட்டி பொஸ்டோன்ஸ் வானொலியெங்கும் ஒலித்தது. ஸ்கா பங்க் அலை அடித்தபோது ஃபிஷ்போன் கரையில் நின்றது. நோ டவுட் இதை மறைக்கவில்லை. 2010இல் வந்த 'எவ்ரிடே சன்ஷைன்' ஆவணப்படத்தில் க்வென் ஸ்டெஃபானியும் ரெட் ஹொட் சில்லி பெப்பர்ஸின் ஃப்ளீயும் ஃபிஷ்போனின் பெருமையைப் பேசுகிறார்கள். அதே படத்தில், ஐம்பதை நெருங்கும் ஏஞ்சலோ கையில் காசில்லாமல் இன்னும் சின்ன அரங்குகளில் வியர்வை வடியப் பாடுகிறார். இரண்டையும் ஒரே படத்தில் பார்ப்பது இலேசல்ல.

ஏஞ்சலோவும் நார்வுட்டும் மட்டும் விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். உறுப்பினர்கள் போனார்கள், வந்தார்கள். கிறிஸ் டவுட் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தார். 2023இல் நோஃப்எக்ஸ் குழுவின் ஃபட் மைக்கோடு சேர்ந்து ஒரு சிறு இசைத்தட்டு வந்தது. 2024இல் நார்வுட்டும் விலகினார். 2025இல் 'ஸ்டொக்ஹோம் சின்ட்ரோம்' என்ற புதிய முழுத் தொகுப்பு வெளியானது, ஏஞ்சலோவும் டவுட்டும் முன்னால் நிற்க.

கேட்க நினைப்பவர்கள் 1985 சிறு இசைத்தட்டில் தொடங்குங்கள், அரை மணி நேரம்கூட எடுக்காது. அடுத்து 'ட்ரூத் அண்ட் சோல்'. 1991 தொகுப்பு நீளமானது, நல்ல ஹெட்ஃபோன் போட்டு ஒரே மூச்சில் கேளுங்கள். பிறகு யூடியூபில் அவர்களின் பழைய மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தேடுங்கள். கமரா ஏஞ்சலோவைப் பிடிக்கப் படும் பாட்டைப் பார்க்க அது ஒன்றே போதும்.