பிறந்த மாநிலத்தின் ஜேர்சி

1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் திகதி. மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய மாநில அணிகள் உதைபந்தாட்டத்தில் மோதுவதற்குச் சற்று முன்னர், திறந்த கார் ஒன்று மைதானத்தை மெல்லச் சுற்றி வந்தது. புற்றுநோயினால் உடல் நலிந்து, பார்வையும் மங்கிப்போன ஒரு முதியவர் மகனின் துணையோடு அதில் அமர்ந்திருந்து கையசைத்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். பலர் கண் கலங்கினர். அவர் பெயர் டெட் விற்றன். வீரராகவும் பயிற்றுநராகவும் விக்டோரியா மாநில அணிக்காகவே மூச்சு விட்டவர் என்று சொல்லத்தக்க மனிதர். இரண்டு மாதங்களின் பின்னர், ஓகஸ்ட் 17ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் காலமான நான்கே ஆண்டுகளில் அவர் உயிராக நேசித்த அந்தப் போட்டியும் மடிந்தது. 1999ஆம் ஆண்டு மே மாதம் அதே மைதானத்தில் அதே இரண்டு மாநிலங்களும் மழையில் நனைந்தபடி விளையாடியபோது, பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேர் மட்டுமே. பிறந்த மாநிலத்துக்காக விளையாடும் அந்தத் தொடர் அத்தோடு முடிவுக்கு வந்தது.

அதை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டுமா என்பது அவுஸ்திரேலியாவில் கால் நூற்றாண்டாக நடைபெற்றுவரும் விவாதம். விளையாட்டு விவகாரம்தானே என்று இதனை நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவன் எந்த ஊருக்கு உரியவன் என்ற கேள்வி இதனுள்ளே இருக்கிறது. நம்மவர்களுக்கு அது அந்நியமான கேள்வி அல்ல.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இது உலகம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. நீள்வட்ட மைதானத்தில், அணிக்குப் பதினெட்டுப் பேர் நீள்வட்டப் பந்தைக் கொண்டு விளையாடுவது. இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களின் ஊடாக உதைத்தால் ஆறு புள்ளிகள், ஓரக் கம்பங்களின் ஊடாகச் சென்றால் ஒரு புள்ளி. 1859இல் மெல்பேர்ணில் இதன் விதிகள் எழுதப்பட்டன. அவற்றை எழுதியவர்களுள் முதன்மையானவர் ரொம் வில்ஸ் என்பவர். மெல்பேர்ணில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று 'பூட்டி' என்று செல்லமாக அழைப்பது இதைத்தான்.

அவுஸ்திரேலியா என்ற நாடு உருவானது 1901இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னரே, தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்த விக்டோரியாவும் தென் அவுஸ்திரேலியாவும் இந்த ஆட்டத்தில் மோதிவிட்டன. 1879 ஜூலை முதலாம் திகதி கிழக்கு மெல்பேர்ணில் நடைபெற்ற அந்தப் போட்டியில் விக்டோரியா ஏழு கோல்களை அடித்தது. தென் அவுஸ்திரேலியா ஒன்றையேனும் அடிக்கவில்லை. பின்னர் 1908இல், ஆட்டத்தின் பொன்விழாவை ஒட்டி எல்லா மாநிலங்களும் கலந்துகொண்ட பெருந்திருவிழா மெல்பேர்ணில் நடந்தது. நியூசிலாந்து கூட அதற்கு அணி அனுப்பியது. அதனைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய திருவிழாக்கள் நடைபெறலாயின. 1911இல் தென் அவுஸ்திரேலியாவும், 1921இல் மேற்கு அவுஸ்திரேலியாவும் வெற்றிக்கிண்ணத்தைக் கைப்பற்றின. முதலாம் உலகப்போர் வெடித்த அதே 1914 ஓகஸ்ட் மாதத்தில் சிட்னியில் ஒரு திருவிழா நடந்தது என்பது வரலாற்றின் சோகமான தற்செயல்.

ஆரம்பத்தில் இப்போட்டிகள் ஓரளவு சமநிலையிலேயே இருந்தன. அந்தச் சமநிலையைக் குலைத்தது பணம். 1897இல் தனது முதலாவது பருவகாலத்தை ஆரம்பித்த விக்டோரிய உதைபந்தாட்ட லீக், காலப்போக்கில் நாட்டின் மிகச் செல்வம் மிகுந்த லீக்காக வளர்ந்தது. பேர்த்திலும் அடிலெய்டிலும் தஸ்மேனியாவின் சிற்றூர்களிலும் தோன்றிய திறமைசாலிகளை மெல்பேர்ண் கழகங்கள் விலைகொடுத்து வாங்கின. அக்கால விதிப்படி ஒருவர் எந்த மாநிலத்தின் லீக்கில் விளையாடுகிறாரோ அந்த மாநிலத்துக்கே பிரதிநிதி. ஆகவே, மேற்கு அவுஸ்திரேலியா பெற்று வளர்த்த பிள்ளை விக்டோரியாவின் ஜேர்சியை அணிந்துகொண்டு மேற்கு அவுஸ்திரேலியாவையே தோற்கடிக்க வருவான்.

கிரஹம் 'பொலி' ஃபாமரின் கதை இதற்கு நல்ல உதாரணம். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்களான நூங்கார் இனத்தைச் சேர்ந்தவர். அநாதைச் சிறுவர் இல்லத்தில் வளர்ந்து, இந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராக உயர்ந்தவர். 1961இல் பிறிஸ்பேனில் விக்டோரியாவை வீழ்த்திக் கிண்ணத்தை வென்ற மேற்கு அவுஸ்திரேலிய அணியில் அவர் இருந்தார். அடுத்த ஆண்டே விக்டோரியாவின் ஜீலோங் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1963இல் ஜீலோங் சம்பியனானது. ஃபாமர் விக்டோரியா மாநிலத்துக்காகவும் விளையாடினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. விதி அவ்வாறு இருந்தது. வயிறும் அவ்வாறே சொன்னது.

இந்த அநீதிக்குப் பரிகாரம் 1977இல் பிறந்தது. பேர்த்தின் சுபியாக்கோ கழகத்தில் சந்தைப்படுத்தல் முகாமையாளராக இருந்த லியோன் லார்க்கின் என்பவர் எளிமையான யோசனை ஒன்றை முன்வைத்தார். ஒருவர் எங்கே விளையாடினாலும் தனது மாநிலத்துக்காகவே களமிறங்கட்டும் என்பதே அது. மெல்பேர்ண் கழகங்களை இணங்கச் செய்வது இலகுவாக இருக்கவில்லை. அவ்வாண்டின் இறுதிப் போட்டி சமநிலையில் முடிந்து ஒரு வாரம் கழித்து மீண்டும் விளையாடப்பட்டது. அதற்கு அடுத்த வாரம், ஒக்டோபர் 8ஆம் திகதி, சுபியாக்கோ மைதானத்தில் பரீட்சை நடந்தது.

முடிவு எவரும் எதிர்பாராதது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பழைய விதிப்படி நடந்த ஆட்டத்தில் விக்டோரியா 63 புள்ளிகளால் வென்றிருந்தது. புதிய விதிப்படி மேற்கு அவுஸ்திரேலியா 94 புள்ளிகளால் வென்றது. நான்கு மாத இடைவெளியில் 157 புள்ளிகள் புரண்டன! மாநிலத்தின் மண் மாறவில்லை. மண்ணின் பிள்ளைகள் ஒரு நாள் வீடு திரும்பியிருந்தார்கள், அவ்வளவுதான். விக்டோரியாவின் பலம் எனப்பட்டதில் எவ்வளவு பங்கு இரவல் பலம் என்பதை அந்த ஒரு நாள் அம்பலப்படுத்தியது.

அதன் பின்னர் வந்த பதினைந்து ஆண்டுகளையும் பொற்காலம் எனலாம். 1983இல் தென் அவுஸ்திரேலியா அடிலெய்டில் விக்டோரியாவை 56 புள்ளிகளால் வென்றது. 1986இல் பேர்த்தில் மேற்கு அவுஸ்திரேலியா மூன்றே புள்ளிகளால் வென்ற ஆட்டத்தை இன்றும் பலர் கதைப்பதுண்டு. 1989இல் மெல்பேர்ணில் விக்டோரியாவும் தென் அவுஸ்திரேலியாவும் மோதியபோது 91,960 பேர் திரண்டனர். 1990இல் தஸ்மேனியா என்ற சின்னஞ்சிறு தீவு, ஹோபார்ட் நகரில் விக்டோரியாவை 33 புள்ளிகளால் மண்கவ்வச் செய்தது. டரல் போல்டொக், பீற்றர் ஹட்சன், இயன் ஸ்டுவேர்ட், றோய்ஸ் ஹார்ட் என்று தலைமுறை தலைமுறையாகத் தன் பிள்ளைகளை மெல்பேர்ணுக்குத் தாரைவார்த்த தீவு அது.

இந்த யோசனையை அயலாரும் கவனித்தார்கள். 1980இல் றக்பி லீக் ஆட்டத்தில் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் இதே விதிப்படி மோதின. அந்தத் தொடர் இன்று அவுஸ்திரேலியாவின் மிகப் பெரிய விளையாட்டு நிகழ்வுகளுள் ஒன்று. விதை போட்டவன் வீட்டில் மரம் பட்டுப்போக, அயல்வீட்டில் அது காய்த்துக் குலுங்குகிறது.

மரம் ஏன் பட்டுப்போனது? கழகங்களின் சுயநலமே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. தான் சம்பளம் கொடுக்கும் வீரர் இன்னொரு ஜேர்சியில் காயமடைவதை எந்தக் கழகமும் விரும்பாது. ஆனால் அது பாதிக் காரணமே என்பது எனது கருத்து. மறுபாதி காரணம் வேறு. 1987இல் பேர்த்திலிருந்து வெஸ்ற் கோஸ்ற் ஈகிள்ஸ் கழகமும், 1991இல் அடிலெய்ட் கழகமும் லீக்கினுள் நுழைந்தன. 1990இல் லீக்கின் பெயரே அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் என்று மாறிவிட்டது. 1992இலும் 1994இலும் ஈகிள்ஸ் சம்பியன். 1997இலும் 1998இலும் அடிலெய்ட் சம்பியன். விக்டோரியாவை வெல்ல வேண்டும் என்ற தாகம் வாராவாரம் தணியத் தொடங்கியபோது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் மாநிலப் போட்டி எதற்கு? குறை ஒன்றின் பரிகாரமாகப் பிறந்த போட்டி, குறை குறைந்ததும் பலம் குன்றியது.

அமைப்பாளர்களும் ஒரு தவறு செய்தார்கள். வலுக் குறைந்த மாநிலங்களை ஒன்றுசேர்த்து 'நேச அணி' என்ற ஒன்றை 1995இல் உருவாக்கினார்கள். தஸ்மேனியரும் குயின்ஸ்லாந்தவரும் ஒரே ஜேர்சியில். கணக்குக்கு அது சரி. உணர்வுக்கு அது பிழை. 2008இல் ஆட்டத்தின் 150ஆவது ஆண்டு நிறைவுக்காக விக்டோரியாவை எதிர்த்து 'கனவு அணி' ஒன்று விளையாடியது. 2020 பெப்ரவரியில் காட்டுத்தீயினால் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட 'நட்சத்திர அணி' ஒன்று விளையாடியது. முன்னதற்கு 69,294 பேரும், பின்னதற்கு 51,000க்கும் அதிகமானோரும் வந்தார்கள். ஆகவே மக்களுக்கு ஆசை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலும் வென்றது விக்டோரியா. எதிரே நின்றவர்களுக்கு அழுவதற்கு ஓர் ஊர் இருக்கவில்லை. கனவு அணியில் பிறந்தவர் எவருமில்லை.

2026 பெப்ரவரியில் பேர்த்தில் மேற்கு அவுஸ்திரேலியாவும் விக்டோரியாவும் மோதும் என்று 2025இல் லீக் அறிவித்தபோது, இந்தப் பழைய விவாதம் புதுவேகம் பெற்றது. உண்மையான மாநிலத்துக்கு எதிராக உண்மையான மாநிலம் என்ற வகையில் அந்த முடிவு சரியானதே. எனினும் பருவகாலம் தொடங்குமுன் நடத்தப்படும் தனி ஆட்டம் ஒன்று மறுமலர்ச்சி ஆகிவிடாது. எனது அபிப்பிராயத்தில், ஆண்டுதோறும் நடத்தி அலுப்பூட்டாமல், முன்னைய திருவிழாக்களைப் போன்று மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பருவகாலத்தின் நடுவே லீக் ஆட்டங்களை ஒரு வாரம் நிறுத்திவைத்து நடத்தவேண்டும். காயமடையும் வீரரின் கழகத்துக்கு லீக் நட்டஈடு வழங்க வேண்டும். தஸ்மேனியா தஸ்மேனியாவாகவே விளையாட வேண்டும். 2023இல் 19ஆவது கழகத்துக்கான உரிமம் அத்தீவுக்குக் கிடைத்துவிட்டதே, இனி மாநில அணி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கழகம் எங்கிருந்தும் ஆளை வாங்கலாம். மாநில அணி தன் பிள்ளையை மட்டுமே அழைக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

தோற்பவர் மிக மோசமாகத் தோற்கக்கூடும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இருக்கலாம். ஆயினும் 1990இல் ஹோபார்ட்டில் கிடைத்த வெற்றி அத்தனை இனித்தது அதற்கு முந்திய தோல்விகளினால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மெல்பேர்ணில் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கேயே பிறந்த அவரது மகன், தனது கழகத்தின் ஜேர்சியை அணிந்துகொண்டு, "மாமா, நீங்கள் எந்த ரீம்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை அதே வீட்டின் முன் அறையில் பெரியவர்கள் கூடி, தாம் படித்த யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிக் குரல் உயர்த்தித் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் ஒருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 1977இல் பேர்த்தில் நடந்தது என்னவென்று அந்த அறையில் எனக்கு நன்றாக விளங்கியது.